கல்லோயா: திட்டமிட்ட அணையும் திட்டமிடாத வாய்க்காலும்

கல்லோயா என்றதும் இலங்கைத் தமிழரின் நினைவுக்கு வருபவை இரண்டு. சுதந்திரத்துக்குப் பின்னர் கிழக்கில் மேற்கொள்ளப்பட்ட முதலாவது பெருங்குடியேற்றத் திட்டம் என்பது ஒன்று. 1956 ஜூன் மாதத்தில் அப்பள்ளத்தாக்கில் தமிழர்கள் தேடித்தேடித் தாக்கப்பட்ட கொடூரம் மற்றையது. பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கிய ஆறு கல்லோயாவாக அறியப்படலான கதையும் இவற்றோடு சேர்ந்தே பேசப்படும். இவை பலராலும் எழுதப்பட்டுள்ளன. இன்னும் எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் அதே கல்லோயாவுக்கு மூன்றாவது வரலாறு ஒன்றும் உண்டு. அது 1981 இல் தொடங்கியது. பாழடைந்து கிடந்த வாய்க்கால்களை மீளக் கட்டிய வேலையின் வரலாறு அது. தமிழில் அது அதிகம் பேசப்படவில்லை. பெருங் கட்டுமானப் பணிகளை எவ்வாறு நடத்துவது என்று உலகம் இன்று விவாதிக்கும் ஒரு கேள்விக்கு அதில் விடை இருக்கிறது என்பதாலேயே இதனை எழுத முற்படுகின்றேன்.

அந்தக் கேள்வி என்ன? இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கணினித்துறையில் பணிபுரியும் நம்மவர்களுக்கு 'அஜைல்' என்ற சொல் நன்கு பழக்கமானது. எல்லாவற்றையும் முன்கூட்டியே வரைந்து முடித்துவிட்டு வேலையைத் தொடங்காமல், சிறிது செய்து, செய்ததிலிருந்து கற்று, திட்டத்தைத் திருத்தி, மீண்டும் சிறிது செய்யும் முறையே அது. 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய மென்பொருள் வல்லுநர் 17 பேர் வெளியிட்ட பிரகடனம் அந்த முறைக்குப் பெயர் கொடுத்தது. அதற்கு எதிராக நிறுத்தப்படுவது பழைய முறை: ஆய்வு, வரைபு, மதிப்பீடு, கேள்விப்பத்திரம், கட்டுமானம், கையளிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்குவது. நீர் மேலிருந்து கீழே மட்டும் விழுவதுபோலப் பின்னோக்கிச் செல்ல முடியாத முறையென்பதால் இதற்கு 'அருவி' என்று பெயரிட்டார்கள்.

மென்பொருளை நாளைக்கும் மாற்றி எழுதலாம். கொங்கிறீற்றை மாற்றி எழுத முடியாது. எனவே பாலம், அணை, விமான நிலையம் போன்றவற்றுக்குப் பழைய முறையே பொருந்தும் என்று பலகாலம் நம்பப்பட்டது. அண்மைக் காலத்தில் இரண்டையும் கலந்து கையாள வேண்டும் என்கிறார்கள். ஆனால் எதனை எங்கே கலப்பது என்பதே சிக்கல். கல்லோயா இந்தச் சிக்கலை அஜைல் என்ற பெயர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே சந்தித்துவிட்டது.

முதலில் அணையைப் பார்ப்போம். இங்கினியாகலையில் 1949 இல் தொடங்கிய வேலையை அமெரிக்காவின் மொரிசன்-நட்சன் நிறுவனம் பொறுப்பேற்றது. 1930களில் ஹூவர் அணையைக் கட்டிய ஆறு நிறுவனங்களின் கூட்டில் இதுவும் ஒன்று. திட்டத்தை நடத்தவென 1949 இலேயே கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரி. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 3,600 அடி நீளமான அணை எழுந்தது. அதன் பின்னால் 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம் விரிந்தது. அன்றைய இலங்கைக்கு அது பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை.

அணை கட்டும் வேலைக்குப் பழைய முறை ஏன் பொருந்துகிறது என்பது விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. வடகீழ்ப் பருவமழை குறித்த காலத்தில் வந்தே தீரும். அதற்குமுன் ஆற்றைத் திசை திருப்பியாக வேண்டும். அத்திவாரம் சரியாக இராவிட்டால் மேலே எதுவும் வைக்க முடியாது. அரைகுறை அணை என்று ஒன்று இல்லை. ஒன்றில் அது நீரைத் தாங்கும், அல்லது உடைந்து கீழே இருப்போரைக் கொல்லும். இத்தகைய வேலையில் 'செய்து பார்த்துத் திருத்துவோம்' என்பது அறிவீனம். முன்கூட்டிய திட்டமும் கண்டிப்பான ஒழுங்குமே அங்கு உயிர்காப்பவை.

தவறு வேறிடத்தில் நேர்ந்தது. அணைக்கு வரைந்ததைப் போலவே மனிதருக்கும் ஒரு வரைபடம் வரையப்பட்டது. இடது கரையில் குடியேற்ற அலகுகள் இலக்கமிடப்பட்டன. குடும்பம் ஒன்றுக்கு 4 ஏக்கர் வயல், 3 ஏக்கர் மேட்டுநிலம் என்று பங்கிடப்பட்டது. எந்த அலகில் யார், எந்த வாய்க்காலில் எத்தனை பேர் என்பதெல்லாம் மேசையில் தீர்மானிக்கப்பட்டன. சில அலகுகள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைத்த போதிலும், நீரின் தலைப்பகுதியில் பெரும்பாலும் வெளி மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடும்பங்களே அமர்த்தப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அந்த ஆற்றை நம்பி வேளாண்மை செய்துவந்த தமிழ், முஸ்லிம் கமக்காரரின் வயல்கள் பெரும்பாலும் கடைப்பகுதியில் இருந்தன. வட்டை விதானைகளின் மேற்பார்வையில் தலைமுறைகளாகப் பேணிவந்த நீர்ப்பங்கீட்டு வழமைகளுக்கு இந்தப் புதிய வரைபடத்தில் இடமிருக்கவில்லை.

1956 இல் தனிச்சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது வன்முறை மிகக் கொடூரமாக வெடித்த இடம் இதே பள்ளத்தாக்குத்தான். இறந்தோர் தொகை பற்றிய மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. 150 பேர் வரை கொல்லப்பட்டதாகக் கூறப்படுவதுண்டு. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அரசியல் வரலாறு இத்தோடு நிற்கவில்லை என்பது வாசகர்கள் அறிந்ததே.

பொருளாதாரக் கணக்கும் கசப்பாகவே முடிந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புவியியலாளர் பி. எச். பாமர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை 1970 இல் வெளிவந்தது. இலங்கையின் குடியேற்றத் திட்டங்கள் பற்றி 1957 இலேயே நூல் எழுதியவர் அவர். செலவிட்ட பணத்துக்கு ஈடான பலனைக் கல்லோயா தரவில்லை என்பதே அக்குழுவின் முடிவு. அணை நின்றது; திட்டம் சறுக்கியது.

1970களின் இறுதியில் இடது கரை வாய்க்கால்களின் நிலை பரிதாபமாக இருந்தது. மதகுக் கதவுகள் உடைந்திருந்தன, அல்லது களவு போயிருந்தன. வயல் வாய்க்கால்களில் மண் மூடிப் புல் வளர்ந்திருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் துப்புரவு செய்யப்படாத வாய்க்கால்களும் உண்டு. தலைப்பகுதியினர் இரவு பகலாக நீரை இழுத்தனர். கடைப்பகுதியினர் வாய்க்காலின் வரண்ட அடியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். தலைப்பகுதியினர் சிங்களவர், கடைப்பகுதியினர் தமிழர் என்பதால் ஒவ்வொரு நீர்த்தகராறும் இனத்தகராறாக மாறும் அபாயமும் இருந்தது. நாட்டின் மிக மோசமான நீர்ப்பாசனத் திட்டம் என்று அதிகாரிகளே கல்லோயாவைக் குறிப்பிடும் நிலை ஏற்பட்டது.

1979 இல் அமெரிக்க அரசின் சர்வதேச அபிவிருத்தி முகவர் நிலையத்தின் உதவியோடு இடது கரையைப் புனரமைக்கும் செயற்றிட்டம் ஆரம்பமானது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அணுகுமுறை வழமையானதே: அளத்தல், வரைதல், ஒப்பந்தம் விடுதல், கட்டுதல். ஆனால் இங்கு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. காகிதத்திலிருந்த வாய்க்காலும் தரையிலிருந்த வாய்க்காலும் ஒன்றாக இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளில் கமக்காரர் தமக்கு ஏற்றவாறு கரையை வெட்டியிருந்தனர், மடைகளை இடம் மாற்றியிருந்தனர், கள்ள மடைகள் திறந்திருந்தனர். திணைக்களத்தின் கண்ணுக்கு இவை சட்டமீறல்கள். சற்று நிதானித்துப் பார்த்தால் கள்ள மடை என்பது பல வேளைகளில் மூல வரைபின் பிழையைச் சுட்டும் சாட்சி. உயரமான வயலுக்கு நீர் ஏறாத இடத்தில் மடையை வைத்துவிட்டுப் போனவர் பொறியியலாளர். அந்த வயலில் முப்பது ஆண்டுகள் நின்றவர் கமக்காரர். அவரிடம் கேளாமல் புதிய வரைபடம் வரைந்தால் பழைய பிழையைப் புதுச் சீமெந்தில் கட்டியதாகவே முடியும்.

செயற்றிட்டத்தின் மனிதப் பகுதியைக் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகமும் பொறுப்பேற்றன. கோர்ணல் தரப்பில் முன்னின்றவர் அரசறிவியலாளர் நோர்மன் அப்ஹோஃப். பிலிப்பைன்ஸின் தேசிய நீர்ப்பாசன நிர்வாகம் 1976 அளவில் செய்துபார்த்த முறை ஒன்று அவர்களுக்கு வழிகாட்டியது. பட்டதாரி இளைஞர், யுவதியர் 'அமைப்பாளர்' என்ற பெயரில் கிராமங்களில் தங்கவைக்கப்பட்டனர். 30 பேருக்குச் சற்று மேற்பட்ட முதலாவது அணி 1981 மார்ச்சில் களமிறங்கியது.

அவர்களிடம் சங்க யாப்பும் இல்லை, உறுப்புரிமைப் படிவமும் இல்லை. வீடு வீடாகச் சென்றார்கள், வாய்க்கால் கரையில் நின்று பேசினார்கள். அரசாங்கம் எதையும் செய்துதரும்வரை காத்திராமல் நீங்களே இப்போது செய்யக்கூடியது எது என்று கேட்டார்கள். ஒரே வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்துப் பன்னிரண்டு பேர், சில இடங்களில் இருபது பேர், ஒன்றுகூடினர். வேலை முதலில், அமைப்பு பின்னர் என்பதே ஒழுங்கு.

அந்த 1981 சிறுபோகத்தில் சேனநாயக்க சமுத்திரத்தில் நீர் கால் பங்களவே இருந்தது. சண்டை மூளவேண்டிய போகம் அது. நடந்ததோ வேறு. ஆறு வாரங்களுக்குள் முன்னோடிப் பகுதியின் கமக்காரர்களில் மிகப் பெரும்பாலானோர் மூன்று வேலைகளில் ஒன்றிலேனும் ஈடுபட்டிருந்தனர்: சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவு செய்தல், முறைவைத்து நீர் எடுத்தல், மிஞ்சிய நீரைக் கீழே உள்ளவர்களுக்கு விடுதல். மூன்றாவதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். உகனைப் பக்கத்துச் சிங்களக் கமக்காரர் விட்ட நீர் போய்ச்சேரும் கடைப்பகுதி வயல்களில் தமிழருடையவையும் அடங்கும்.

இதற்குப் பின்னர்தான் பொறியியலாளர்களின் போக்கு மாறத் தொடங்கியது. வாய்க்காலை மீள வரையுமுன் கமக்காரரோடு அதன் கரையோரமாக நடந்து பார்ப்பது, வரைபை அவர்கள் முன்னிலையில் வைத்து விளக்குவது, அவர்கள் சொல்லும் திருத்தங்களை ஏற்பது என்ற பழக்கம் வேரூன்றியது. அமைப்பாளர்கள் தாம் கண்டவற்றை வாரந்தோறும் கூடிப் பேசினார்கள். வயல் வாய்க்கால் குழுக்களிலிருந்து கிளை வாய்க்கால் அமைப்புகள், அவற்றிலிருந்து பிரதேச சபைகள், அவற்றின் மேல் அதிகாரிகளும் கமக்காரரும் சேர்ந்தமரும் முகாமைத்துவக் குழு என்று அமைப்பு கீழிருந்து மேலாக வளர்ந்தது. 1985 இல் செயற்றிட்டம் முடிவுறும்போது 10,000 க்கும் மேற்பட்ட கமக்காரர் அதில் இணைந்திருந்தனர்.

இங்கு பழைய முறை கைவிடப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மதகின் கொங்கிறீற் திணைக்கள அளவுகோலின்படியே இடப்பட்டது. மதிப்பீடும் ஒப்பந்தமும் கணக்காய்வும் வழமைபோலவே நடந்தன. ஓடும் வாய்க்காலில் கட்டட வேலை செய்ய முடியாது. ஒரு போக அறுவடைக்கும் அடுத்த போக நீர்விடுகைக்கும் இடைப்பட்ட சில கிழமைகளே கிடைக்கும். அந்தக் காலக்கெடு கல்லில் எழுதியது. ஆனால் எந்த வாய்க்காலை முதலில் எடுப்பது, மடையை எங்கே வைப்பது, முறை எப்படிச் சுற்றுவது என்பவை போகத்துக்குப் போகம் கற்றுத் திருத்தப்பட்டன. கணினிக்காரர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சுற்றி வருவார்கள். கமக்காரர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுற்றி வந்தார்கள். சுற்றின் நீளம் வேறு, தத்துவம் ஒன்றே.

டேவிட் கோர்ட்டன் என்னும் அறிஞர் இதே கருத்தை 1980 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்திருந்தார். அபிவிருத்தியை முன்கூட்டிய வரைபடமாகக் கருதாமல் கற்றலின் தொடர்ச்சியாகக் கருத வேண்டும் என்பதே அவரது வாதம். கல்லோயாவில் உழைத்தவர்களுக்கு இக்கருத்து பழக்கமானதே. மென்பொருள் உலகம் அதனைக் கண்டுபிடிக்கு முன்பே வயல்வெளி அதனைச் செய்து பார்த்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

குறைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. உதவி வழங்கும் நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டியது ஏக்கரும் மைலும். கமக்காரரின் நம்பிக்கைக்கு அளவுகோல் இல்லை. இதனால் அவசரம் அடிக்கடி குறுக்கிட்டது. அமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் வழங்கப்படவில்லை. ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது அவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். அவர்களோடு கற்றதும் வெளியேறியது. வளைந்து கொடுக்கும் முறையின் அறிவு ஆவணத்தில் தங்குவதில்லை, ஆளிடம் தங்குகிறது. ஆளைத் தக்கவைக்காத நிர்வாகம் அந்த அறிவை ஒவ்வொரு முறையும் புதிதாக விலைகொடுத்து வாங்க வேண்டியதாகும். இவற்றுக்கு மேலாக, 1983 ஜூலைக்குப் பின்னர் நாடு சென்ற பாதையில் சிங்கள, தமிழ்க் கமக்காரர் ஒரே பாயில் அமர்ந்து பேசுவது நாளுக்கு நாள் கடினமாகியது.

இருந்தபோதிலும் வேர் பட்டுப்போகவில்லை. 1988 இல் கமக்காரர் பங்குபற்றும் நீர்ப்பாசன முகாமைத்துவத்தை அரசாங்கம் தேசியக் கொள்கையாக ஏற்றது. 1997 சிறுபோகத்தில் சேனநாயக்க சமுத்திரத்தில் இருந்த நீர் 15,000 ஏக்கருக்கே போதும் என்று அதிகாரிகள் கணித்தனர். கமக்கார அமைப்புகள் உடன்படவில்லை. இருக்கும் நீரைத் தலைப்பகுதிக்கும் கடைப்பகுதிக்கும் ஒப்பப் பகிர்ந்து 65,000 ஏக்கரிலும் வேளாண்மை செய்தார்கள். வழமையைவிட நல்ல விளைச்சல் கிடைத்தது. போர் உச்சத்தில் நின்ற ஆண்டு அது. செயற்றிட்டம் முடிந்து 12 ஆண்டுகள் கழிந்திருந்தன. அணையும் மதகும் இந்தப் பலனைத் தனியாகத் தந்திருக்க முடியாது.

இதற்கு நேரெதிரான படிப்பினை மகாவலியில் கிடைக்கிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு 1968 இல் தயாரிக்கப்பட்ட மகாவலிப் பெருந்திட்டம் 30 ஆண்டுகளில், ஏறத்தாழ 9 இலட்சம் ஏக்கருக்கு நீர் வழங்கும் நோக்கில், படிப்படியாக நிறைவேற்றப்பட வேண்டியது. 1977 இல் பதவிக்கு வந்த ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் அதன் பிரதான பகுதிகளை 6 ஆண்டுகளில் முடிக்க முற்பட்டது. விக்டோரியாவைப் பிரித்தானியா, கொத்மலையைச் சுவீடன், ரந்தெனிகலையை மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவைக் கனடா என்று ஒரே காலத்தில் வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தன. கட்டுமான நிர்வாகம் என்ற வகையில் அது வியப்புக்குரியதே. ஆனால் துரிதம் வேறு, நெகிழ்வு வேறு. ஒரு படியில் கற்றதை அடுத்த படிக்குக் கொண்டுசெல்லவென ஒதுக்கப்பட்டிருந்த காலமே 'துரித மகாவலி'யில் வெட்டி எறியப்பட்டது. வடக்கிற்கு நீர் கொண்டுசெல்லும் பகுதி பின்தள்ளப்பட்டது. தம் காட்டை இழந்த வேடுவர்கள் 1983 இல் ஹெனானிகலைக்கு இடம் மாற்றப்பட்டனர். அவர்களின் தலைவர் திசாஹாமி அங்கு செல்ல மறுத்துத் தம்பானையிலேயே தங்கிவிட்டார். அவரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்தப் பதிலை வரைபடத்துக்குள் கொண்டுவந்திருக்கலாம்.

ஆக, பழைய முறையா புதிய முறையா என்ற பட்டிமன்றம் பயனற்றது. தவறினால் திருத்த முடியாத பகுதி எது, நின்று பார்த்த பின்னரே தெரியவரும் பகுதி எது என்று பிரித்தறிவதே முகாமையாளரின் முதல் வேலை. பாறை, அத்திவாரம், வெள்ளம், பாதுகாப்பு ஆகியவை முன்னதைச் சேர்ந்தவை. அவற்றில் கண்டிப்பு வேண்டும். வாழ்பவர், பயன்படுத்துபவர், பகிர்ந்துகொள்பவர் ஆகியோர் பின்னதைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் கேளாமல் கோடு போடக் கூடாது. 1949 இல் கல்லோயாவை வரைந்தவர்கள் முன்னதைச் சரியாகவே செய்தார்கள். பின்னதையும் அதே அளவுகோலால் அளந்ததே அவர்களின் பெருந்தவறு. அந்தத் தவறில் அரசியல் நோக்கமும் கலந்திருந்தது என்பது இன்னொரு கட்டுரைக்குரிய விடயம்.

1981 இன் அனுபவம் 1956 இன் காயத்தை ஆற்றிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பறிபோன நிலம் வாய்க்கால் துப்புரவால் திரும்பி வராது. கொல்லப்பட்டவர்களுக்கு நீதியும் கிடைக்கவில்லை. ஆனால் எதிரிகளாக வாழும்படி வரைபடத்தில் நிறுத்தப்பட்ட மனிதர்கள், தமக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் திருத்தும் உரிமையும் கிடைத்தபோது, வரைந்தவர்களைவிட மேலான முடிவை எடுத்தார்கள். தலைமடைக்காரன் தன் கதவை இறக்கிக் கடைமடைக்கு நீர் விட்டான். எந்தப் பெருந்திட்டத்தின் மூல வரைபடத்திலும் அந்தக் கதவின் இடம் குறிக்கப்பட்டிருக்கவில்லை.